மீதியை வெள்ளித்திரையில் காண்க: யாழ்ப்பாணமும் பழைய மர்மப் படங்களும்

ரொறன்ரோவில் வாழும் என் பள்ளித் தோழர் ஒருவர் சில மாதங்களுக்கு முன்னர் தொலைபேசியில் அழைத்தார். வழக்கமான சுகநல விசாரிப்புகள் முடிந்த பின்னர், சிறிது தயங்கி, "உன்னட்டை 'புதிய பறவை' பாட்டுப் புத்தகம் இருந்தது, இப்பவும் இருக்கோ மச்சான்?" என்று கேட்டார். அறுபது ஆண்டுகளுக்கு முந்திய, எட்டுப் பக்கமோ பத்துப் பக்கமோ கொண்ட, சில சதங்களுக்கு விற்ற ஒரு சாணித்தாள் புத்தகத்தை எழுபது வயது கடந்த ஒருவர் இன்னும் நினைவில் வைத்திருந்தார். அவர் பழைய மர்மப் படங்களைச் சேர்ப்பவர். இறுவட்டுகள் அலுமாரி நிறைய இருக்கின்றன. ஆனால் அவர் தேடுவது படத்தை அன்று. படத்தோடு சேர்ந்து யாழ்ப்பாணத்துக்கு வந்த கடதாசிகளை.

என்னிடம் அது இல்லை. 1995 ஒக்டோபர் 30 அன்று வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் தென்மராட்சியை நோக்கி நடந்தபோது, எமது வீட்டு அறையின் மூலையில் இருந்த தகரப் பெட்டியைக் கொண்டுசெல்ல வழியிருக்கவில்லை. அதற்குள் இருந்தவை பாட்டுப் புத்தகங்களும் படமாளிகை நோட்டீசுகளும். அடுத்த ஆண்டு சித்திரையில் திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரையும் இல்லை, அறைக்குப் பெட்டியும் இல்லை. இதை நண்பரிடம் சொன்னபோது மறுமுனையில் சிறிது நேரம் பேச்சில்லை. அந்த மௌனமே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. முடிவு தெரிந்த பின்னும் ஒரு மர்மப் படத்தை ஏன் மீண்டும் மீண்டும் பார்க்கிறோம்? அதன் துண்டுக் கடதாசியையும் தேடி ஏன் அலைகிறோம்?

யாழ்ப்பாண நகரம் அளவில் சிறியதாயினும் படமாளிகைகளில் ஏழையாக இருந்ததில்லை. வின்சர், வெலிங்டன், ராஜா, மனோகரா, ராணி, ஸ்ரீதர், லிடோ என்று என் தலைமுறையினர் விரல் விட்டு எண்ணுவர். ஆங்கிலப் படங்களுக்குப் பெயர்போனது ரீகல். வடமராட்சிக்கு நெல்லியடியில் மகாத்மாவும் லட்சுமியும் இருந்தன. கிராமங்களிலிருந்து சைக்கிளிலும் தட்டிவானிலும் வந்து இரண்டாங் காட்சி பார்த்துவிட்டு, பனங்கூடல்களுக்கு இடையே இருண்ட ஒழுங்கைகளால் வீடு திரும்பியவர்களுக்கு, மர்மப் படத்தின் பாதி மர்மம் திரையிலும் மீதிப் பாதி வழியிலும் இருந்தது. வெள்ளைச் சேலை உடுத்த பெண் பாடியவாறு நள்ளிரவில் மறையும் 'யார் நீ?' படத்தைப் பார்த்துவிட்டுச் சுடலை தாண்டி வீடு சென்ற எவரும் அந்தப் பயணத்தை மறந்திருக்கமாட்டார்.

தமிழ்த் திரையில் மர்மக் கதைக்கு அப்போதே ஒரு பரம்பரை உருவாகியிருந்தது. வடுவூர் கே. துரைசாமி ஐயங்காரின் நாவலை வைத்து மொடேர்ன் தியேட்டர்ஸ் 1950இல் 'திகம்பர சாமியார்' எடுத்தது. எம். என். நம்பியார் அதில் பதினொரு தோற்றங்களில் வந்தார். பின்னாளில் வில்லனாகவே அறியப்பட்ட அவர் துப்பறிபவராக நின்ற படம் அது. 1951இல் வந்த 'மர்மயோகி', ஆவி தோன்றும் காட்சிகளுக்காக, வயது வந்தோருக்கு மட்டும் என்ற தணிக்கைச் சான்றிதழைப் பெற்ற முதல் தமிழ்ப் படமாயிற்று. ஒரு படத்தைக் காணும் ஆவலைத் தூண்ட இதைவிடச் சிறந்த விளம்பரத்தை எவராலும் செய்திருக்க முடியாது.

ஆனால் இந்தப் பரம்பரையின் தலைமகன் 1954 சித்திரையில் வெளிவந்த 'அந்த நாள்'தான். வீணை வித்துவானான எஸ். பாலசந்தர் இயக்க, ஏ.வி.எம். தயாரித்த அப்படத்தில் பாட்டும் இல்லை, நடனமும் இல்லை. கதாநாயகன் சிவாஜி கணேசன் தொடக்கத்திலேயே துப்பாக்கிச் சூட்டுக்கு இரையாகிறார். வானொலிப் பொறியியலாளனான அவனைக் கொன்றவர் யார் என்று ஜாவர் சீதாராமன் ஏற்ற சி.ஐ.டி. அதிகாரி வீட்டாரையும் அயலவரையும் ஒவ்வொருவராக விசாரிக்கிறார். ஒவ்வொருவர் வாயிலும் இறந்தவன் வேறொரு மனிதனாக மாறுகிறான். யப்பானிய இயக்குநர் அகிரா குரோசாவாவின் 'ரஷோமோன்' (1950) உலகுக்குக் கற்பித்த உத்தி இது. பாட்டில்லாத படத்தைச் சகிக்க அன்றைய இரசிகர்கள் தயாராக இருக்கவில்லை. முதல் வெளியீட்டில் படம் தோல்வியுற்றது. பின்னாளில்தான் அது போற்றப்பட்டது.

கதை நிகழும் காலம் யாழ்ப்பாணத்தவருக்கு அந்நியமானதன்று. 1943 ஒக்டோபரில் சென்னை மீது யப்பானிய விமானம் குண்டு வீசிய நாட்களைப் பின்னணியாகக் கொண்டது அது. இலங்கையில் அதற்கு முந்திய ஆண்டே, 1942 ஏப்ரல் 5இல் கொழும்பும், 9இல் திருகோணமலையும் யப்பானியரின் குண்டுவீச்சுக்கு உள்ளாகியிருந்தன. விளக்கணைத்து விமானச் சத்தத்துக்குச் செவிசாய்த்த இரவுகளை எங்கள் பெற்றோர் அறிந்திருந்தனர். இதே இரவுகள் நாற்பது ஆண்டுகளுக்குப் பின் தம் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் மீண்டும் வரும் என்பதை மட்டும் அவர்கள் அறிந்திருக்கவில்லை.

பாலசந்தர் அத்தோடு நின்றுவிடவில்லை. 1964இல், பேசி நடக்கும் பொம்மை ஒன்றுக்குள் வெடிகுண்டை வைத்து அனுப்பும் 'பொம்மை'யை எடுத்தார். கதை முடிந்த பின்னர் படத்தில் உழைத்த தொழில்நுட்பக் கலைஞர்களையும் திரையில் தோன்றச் செய்து அறிமுகப்படுத்தினார். தீவு மாளிகையொன்றில் கூடியவர்கள் ஒருவர் பின் ஒருவராகக் கொல்லப்படும் 'நடு இரவில்' 1970இல் வெளியாயிற்று. 1939இல் வெளிவந்த அகதா கிறிஸ்டியின் நாவலொன்றே அதற்கு மூலம். கடலால் துண்டிக்கப்பட்ட வீட்டுக்குள் தோணி வரும்வரை காத்திருப்பது என்ன என்பதைத் தீவகத்து மக்களுக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

1964இல் வந்த 'புதிய பறவை' வேறொரு விதத்தில் எங்களுக்கு நெருக்கமானது. சிவாஜி பிலிம்ஸ் தயாரித்து தாதா மிராசி இயக்கிய அந்த வண்ணப் படம், சிங்கப்பூரிலிருந்து திரும்பும் கப்பலில் தொடங்குகிறது. மலாயாவிலும் சிங்கப்பூரிலும் புகையிரதப் பகுதியிலும் எழுதுவினைஞராகவும் உழைத்துவிட்டு ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பிய 'மலாயன் பென்சனியர்'கள் யாழ்ப்பாணத்தின் ஒவ்வோர் ஊரிலும் இருந்தார்கள். கடல் கடந்து சென்றவனுடைய கடந்த காலம் ஊராருக்குத் தெரியாது என்பதே அப்படத்தின் மூல முடிச்சு. அது ஆங்கிலப் படமொன்றிலிருந்து வங்காளம் வழியாகத் தமிழுக்கு வந்த கதையென்பதை நாங்கள் பின்னர்தான் அறிந்தோம். அது எங்கள் ஊர்க் கதை என்றே அன்று எண்ணினோம். 1967இல் ஏ. சி. திருலோகசந்தர் இயக்கிய 'அதே கண்கள்' வந்தபோது, முகமூடிக்குள் இருந்து நோக்கும் அந்தக் கண்கள் எவருடையவை என்று எங்கள் வாசிகசாலையில் பந்தயம் கட்டாதவர் இல்லை.

முடிவைக் காப்பது மர்மக் கதையின் தருமம். 1952இல் இலண்டனில் தொடங்கிய கிறிஸ்டியின் 'எலிப்பொறி' நாடகத்தின் முடிவில், கொலையாளி யாரென்று வெளியே சொல்லவேண்டாம் என்று சபையோரைக் கேட்டுக்கொள்வது மரபு. அல்பிரட் ஹிட்ச்கொக் 1960இல் 'சைக்கோ'வை வெளியிட்டபோது, காட்சி தொடங்கிய பின் எவரையும் உள்ளே விடலாகாது என்று படமாளிகைகளுக்கு நிபந்தனை விதித்தார். யாழ்ப்பாணத்திலோ முதற்காட்சி முடிந்து வெளியே வருபவர்களில் யாராவது ஒரு குறும்பன், இரண்டாங் காட்சிக்குக் கலரி வரிசையில் நிற்பவர்களைப் பார்த்துக் கொலையாளியின் பெயரை உரக்கச் சொல்லிவிட்டுச் சைக்கிளில் பறந்துவிடுவான். கெட்டிக்காரர்களோ தவறான பெயரைச் சொல்வார்கள். எவன் உண்மை சொன்னான் என்று அறியவே உள்ளே சென்றவர்கள் உண்டு.

இந்த இரகசியத்தை மிகக் கண்ணியமாகக் காத்தவை இரண்டு. ஒன்று, இலங்கை வானொலியின் தமிழ் வர்த்தக சேவை. கே. எஸ். ராஜா போன்ற அறிவிப்பாளர்கள், படத்தின் வசனத் துண்டுகளையும் பாடல்களையும் தம் குரலால் கோத்து, உச்சக் கட்டத்துக்குச் சற்று முன்னர் நிறுத்திவிடுவார்கள். மற்றையது பாட்டுப் புத்தகம். நடிகர் பெயர்கள், தொழில்நுட்பக் கலைஞர் பெயர்கள், பாடல்கள், இவற்றுக்கு முன்னே ஒரு பக்கக் கதைச் சுருக்கம். அச்சுருக்கம் கதை முறுகும் இடத்தில் சில கேள்விக்குறிகளோடு நின்றுவிடும். "மீதியை வெள்ளித்திரையில் காண்க" என்பது அதன் மாறாத கடைசி வரி.

ஓர் இரசிகன் சேகரிப்பாளனாக மாறுவது இந்த வரியிலேதான் என்று எனக்குத் தோன்றுகிறது. படம் ஒரு வாரமோ பத்து வாரமோ ஓடிவிட்டுப் போய்விடும். அடுத்த முறை எப்போது வருமென்று எவருக்கும் தெரியாது. கையில் எஞ்சுவது பாட்டுப் புத்தகம். அதைப் படிக்கும்போதெல்லாம் எழுதப்படாத முடிவை மனத்தில் ஓட்டிப் பார்க்கலாம். முடிவு தெரிந்தவனின் இன்பம் அது.

இரண்டாம் முறை பார்க்கும் வாய்ப்பை எங்களுக்குத் தந்தது அரசியல். 1972இல் அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் அமைக்கப்பட்டு, திரைப்பட இறக்குமதி அதன் கைக்கு மாறியது. இந்தியப் படங்களின் வருகை கட்டுப்படுத்தப்பட்டது. புதிய படங்கள் அரிதாகவே, பழைய படங்கள் திரும்பத் திரும்ப ஓடின. கீறல் விழுந்து மழை பெய்வது போன்ற பிரதிகளில், முடிவு தெரிந்த மர்மப் படங்களை நாங்கள் மீண்டும் பார்த்தோம். முதல் முறை கொலையாளியைத் தேடிய கண்கள், இரண்டாம் முறை இயக்குநரின் தந்திரங்களைத் தேடின. இந்தப் பார்வை ஏன் அங்கே விழுந்தது, அந்தக் கதவு ஏன் திறந்திருந்தது, நேர்மையாகத்தான் எங்களை ஏமாற்றினாரா என்று ஆராய்ந்தோம். சினிமாவைப் பார்க்கக் கற்றுக்கொண்டது அந்தப் பழைய பிரதிகளில்தான்.

பின்னர் எண்பதுகள் வந்தன. 1981 ஜூன் முதல் நாள் விடிந்தபோது யாழ்ப்பாணப் பொது நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களுடன் எரிந்து போயிருந்தது. 'ஈழநாடு' பத்திரிகையின் பணிமனையும் அதே நாட்களில் எரிக்கப்பட்டது. பத்திரிகைகளின் பழைய கோவைகளில் இருந்த திரைப்பட விளம்பரங்களும் விமர்சனங்களும் அவற்றோடு போயின. எந்தப் படம் எந்தப் படமாளிகையில் எத்தனை நாள் ஓடியது என்று இன்று நிறுவ முயல்பவருக்கு இந்த இழப்பின் கனம் தெரியும். 1983 ஜூலையில், சினிமாஸ் லிமிட்டெட் அதிபர் கே. குணரத்தினத்தின் ஹெந்தளை விஜயா ஸ்ரூடியோ எரிக்கப்பட்டது. 1989இல் அவரும் சுட்டுக்கொல்லப்பட்டார். 1962இல் 'சமுதாயம்' வந்தது முதல் இலங்கையில் எடுக்கப்பட்ட தமிழ்ப் படங்கள் இரு டசினுக்கும் சற்று அதிகம். அவற்றுள் பலவற்றின் பிரதிகள் அந்த ஆடி மாதத்தில் சாம்பலாயின. இந்தப் படங்களின் வரலாற்றைத் தம்பிஐயா தேவதாஸ் தேடித் தொகுத்து எழுதியிராவிட்டால், பல படங்கள் இருந்தன என்பதற்கே சான்று குறைந்திருக்கும்.

அந்தப் படங்களுள் ஒன்றை இங்கே குறிப்பிட வேண்டும். 1966இல் எம். வேதநாயகம் யாழ்ப்பாணக் கலைஞர்களைக் கொண்டு எடுத்த 'கடமையின் எல்லை', சேக்ஸ்பியரின் 'ஹம்லெட்' கதையைத் தழுவியது. தந்தையின் மரணத்துக்குக் காரணமானவன் யார் என்று மகன் தேடும் அக்கதை, உலகின் பழைய துப்பறியும் கதைகளுள் ஒன்று. சென்னைப் படங்களின் வெள்ளத்துக்கிடையே எங்கள் மண்ணிலிருந்து அத்தகைய கதைக்கு ஒரு முயற்சி எழுந்தது என்பதே பலருக்கு இன்று தெரியாது.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்ட பின் குடாநாட்டில் மின்சாரம் நின்றுபோயிற்று. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட காலம் அது. அக்காலத்திலும் மண்ணெண்ணெயில் ஓடும் மின்பிறப்பாக்கியை வாடகைக்கு எடுத்து, தொலைக்காட்சிப் பெட்டியையும் 'டெக்'கையும் இணைத்து, அயலாரெல்லாம் முற்றத்தில் பாய் விரித்துப் படம் பார்த்ததுண்டு. அப்படியொரு இரவில் 'அந்த நாள்' ஓடியது எனக்கு நினைவிருக்கிறது. இளைஞர்கள் பாட்டில்லாத கறுப்பு வெள்ளைப் படமா என்று முணுமுணுத்தார்கள். அரை மணி நேரத்தில் முற்றம் அமைதியாகிவிட்டது. எண்ணெய் தீர்ந்து, சி.ஐ.டி. அதிகாரி உண்மையை நெருங்கும் வேளையில் படம் நின்றது. எவரும் எழுந்து போகவில்லை. ஒரு வீட்டார் தம் விளக்குக்கென வைத்திருந்த மண்ணெண்ணெயைக் கொண்டுவந்து ஊற்றினார்கள். அடுத்த நாள் அவர்கள் வீட்டில் விளக்கெரியாது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

அந்த மண்ணெண்ணெயைப் பற்றி நான் பல ஆண்டுகள் யோசித்திருக்கிறேன். ஒரு பழைய படத்தின் முடிவு அவ்வளவு பெறுமதியானதா? இப்போது அதற்கு என்னிடம் ஒரு விடை உண்டு. மர்மப் படத்தில் ஒரு மனிதன் இறந்தால் விசாரணை நடக்கிறது. அதிகாரி வீடு தேடி வருகிறார். ஒவ்வொருவர் சாட்சியத்தையும் பொறுமையாகக் கேட்கிறார். இறுதியில் இன்னார்தான் செய்தார் என்று எல்லோர் முன்னிலையிலும் சொல்லப்படுகிறது. எங்கள் முற்றத்தில் இருந்தவர்களில் மகனை இழந்தவர்கள் இருந்தார்கள், கணவனைத் தேடிக்கொண்டிருந்தவர்கள் இருந்தார்கள். அவர்களின் வீட்டுக்கு எந்த விசாரணையும் வரவில்லை. நூலகத்தை எரித்தமைக்காக எவரும் நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டதில்லை. குரோசாவாவின் படத்தில் உண்மை எதுவென்று கடைசிவரை தெரிவதில்லை. பாலசந்தர் அதன் உத்தியை எடுத்துக்கொண்டு, உண்மையையும் சொல்லி முடித்தார். எங்கள் மக்கள் அந்த முடிவைக் காணவே எண்ணெய் ஊற்றினார்கள். அவர்கள் வாழ்வு 'ரஷோமோன்' ஆகவே இருந்தது.

மேல்நாட்டு இரசிகர் பழைய மர்மப் படத்தில் நிழலையும் ஒளியையும், தொப்பியையும் மழைக்கோட்டையும் இரசிக்கிறார் என்று எழுதுவார்கள். எங்களுக்கும் அந்த இரசனை உண்டு. ஆயினும் அதற்கும் அடியில் கிடப்பது, முடிவு ஒன்று உண்டு என்னும் நம்பிக்கை. முடிவு தெரிந்தே மீண்டும் பார்ப்பதற்குக் காரணமும் அதுவே.

சேகரிப்பாளரின் பணி இங்கேதான் பொழுதுபோக்கு என்ற நிலையைக் கடக்கிறது. தமிழகத்தில் பிலிம் நியூஸ் ஆனந்தன் என்ற தனி மனிதர் தமிழ்த் திரையின் புகைப்படங்களையும் விபரங்களையும் வாழ்நாள் முழுவதும் சேர்த்தார். கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்த நூல்களும் துண்டுப் பிரசுரங்களும் இன்று சென்னையில் அவர் பெயரிலேயே ஓர் ஆய்வு நூலகமாக நிற்கின்றன. அவர்கள் சேர்க்கத் தொடங்கியபோது பலருக்கு அவை வெறும் பழைய கடதாசி. எமக்கோ, அரசோ கல்விச்சாலையோ எதையும் சேர்த்து வைக்காத நிலையில், வீட்டுத் தகரப் பெட்டிகள்தாம் ஆவணக் காப்பகங்கள். அவற்றுள் பல கப்பலேறியும் விமானமேறியும் சிதறிப்போயின.

படங்களுள் முக்கியமானவை இன்று இணையத்தில் எளிதாகக் கிடைக்கின்றன. 'அந்த நாள்' பார்க்க மண்ணெண்ணெய் தேவையில்லை. ஆனால் வின்சரின் நோட்டீசு, ராணியின் நுழைவுச்சீட்டு, நெல்லியடியில் வாங்கிய பாட்டுப் புத்தகம் ஆகியவை எந்த இணையத்திலும் தாமாக முளைக்கமாட்டா. ரொறன்ரோவிலோ பாரிசிலோ இலண்டனிலோ உள்ள உங்கள் வீட்டுப் பரணில், தாயாரின் பழைய பெட்டிக்குள் அப்படி ஒன்று கிடக்கலாம். எறிந்துவிடாதீர்கள். எந்தப் படமாளிகை, எந்த ஆண்டு, யாருடன் பார்த்தீர்கள் என்பதை ஒரு தனித்தாளில் எழுதி அதனோடு வையுங்கள். பின்னர் படியெடுத்து, 2005 தொடக்கம் ஈழத்து ஆவணங்களை எண்ணிம வடிவில் சேர்த்துவரும் நூலகம் நிறுவனம் போன்றவற்றின் கைக்குச் சேருங்கள்.

தோழருக்கு நான் இன்னும் அந்தப் பாட்டுப் புத்தகத்தைத் தேடிக் கொடுக்கவில்லை. யாழ்ப்பாணத்துப் பழைய புத்தகக் கடைகளில் சொல்லி வைத்திருக்கிறேன். இதை வாசிக்கும் எவரிடமாவது இருக்குமாயின் அறியத் தாருங்கள்.

'அந்த நாள்' கதையில் கொலையாளி யார் என்று நான் இங்கே எழுதவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். இதுவரை பாராத இளையவர்கள் இருப்பார்கள். அவர்களுக்கு நான் சொல்லக்கூடியது, எங்கள் காலத்துப் பாட்டுப் புத்தகங்கள் சொன்ன அதே வரிதான்: மீதியை வெள்ளித்திரையில் காண்க.